முதல் மில்லிநொடியில் வழி தவறும் சிப்கள்

பழைய ஆர்டுயினோ மெகா 2560 போர்டுகளில் ஒரு விநோதம் உண்டு. நிரலில் எங்காவது ஒரு வாசகத்தின் கடைசியில் மூன்று ஆச்சரியக்குறிகளை அடுத்தடுத்துப் போட்டுவிட்டு போர்டில் ஏற்றிப் பார்த்தால், ஏற்றம் பாதி வழியில் நின்றுவிடும். கேபிளை மாற்றினாலும் பலனில்லை, கணினியை மாற்றினாலும் பலனில்லை. ஆச்சரியக்குறிகளில் ஒன்றை அழித்தால் போதும், நிரல் சட்டென்று ஏறிவிடும். காரணம் அந்த போர்டின் பழைய பூட்லோடருக்குள் இருக்கிறது. சோதனை செய்பவர்களின் வசதிக்காக அதில் ஒரு மானிட்டர் மோடை வைத்திருந்தார்கள். சீரியல் போர்ட் வழியாக மூன்று ஆச்சரியக்குறிகள் வந்தால் அந்த மோடுக்குள் போகவேண்டும் என்பது ஏற்பாடு. வந்தது யாரோ தட்டச்சு செய்த கட்டளையா, ஏற்றப்படும் நிரலின் நடுவில் கிடக்கும் எழுத்துகளா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. பிற்காலப் பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் நல்ல போர்டைக் கெட்டுப்போனதாக நினைத்து ஒதுக்கியிருப்பார்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் தப்பான மோடில் எழுவது இத்துறையில் அன்றாடத் தொல்லை. மேசையில் யுஎஸ்பி கேபிளோடு நன்றாக ஓடிய போர்டு, ரிலேயை இணைத்துப் பெட்டிக்குள் வைத்ததும் அசையாமல் கிடக்கும். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஓடும், மின்சாரம் போய் வந்தால் ஓடாது. ஒரே வரைபடத்தில் செய்த போர்டுகளில் சில எழும், சில எழாது. இதைக் கண்டதும் பெரும்பாலோர் நிரலைத் திருத்த உட்காருகிறார்கள். ஆனால் தவறு நடந்த கணத்தில் அவர்கள் எழுதிய நிரலின் முதல் வரிகூட ஓடத் தொடங்கியிருக்காது. நிரலில் நாள் முழுக்கத் தேடினாலும் அங்கே எதுவும் கிடைக்காது. பின்களின் மின்னழுத்தத்திலும், சிப் எழுந்தவுடன் தானே அச்சிடும் முதல் வரியிலும்தான் விசாரணை தொடங்கவேண்டும்.

மின்சாரம் வந்ததும் பெரும்பாலான நவீன சிப்களில் முதலில் ஓடுவது, தொழிற்சாலையிலேயே ரோம் நினைவகத்தில் பதித்து அனுப்பிய ஒரு சிறு நிரல். அதை அழிக்க முடியாது, மாற்றவும் முடியாது. எந்த வழியில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது அதன் முதல் வேலை. ஃப்ளாஷில் இருக்கும் நிரலை ஓட்டுவதா, அல்லது சீரியல், யுஎஸ்பி வழியாகப் புது நிரல் வரும்வரை காத்திருப்பதா? இதற்காக அது சில பின்களின் மின்னழுத்தத்தைப் பார்க்கிறது. இவற்றுக்கு ஸ்ட்ராப்பிங் பின்கள் என்று பெயர். ரீசெட் விலகும் கணத்தில் அவை உயர்நிலையில் இருந்தனவா தாழ்நிலையில் இருந்தனவா என்பது உள்ளே பதிவாகிவிடும். அதற்குப் பிறகு அதே பின்கள் எல்இடி எரியவைக்கவும் சென்சார் படிக்கவும் சாதாரணப் பின்களாக விடுவிக்கப்படும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 சிப்பிலேயே ‘இஏ’ என்றொரு பின் இருந்தது. அதை 5 வோல்ட்டில் கட்டினால் உள்ளே இருக்கும் ரோமிலிருந்து நிரல் ஓடும், கிரவுண்டில் கட்டினால் வெளி நினைவகத்திலிருந்து ஓடும். ரோமே இல்லாத 8031 வகையில் அதை கிரவுண்டில் கட்டியே ஆகவேண்டும். எதிலும் கட்டாமல் அந்தரத்தில் விட்ட போர்டுகள் ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் நடத்தை மாறும். 1980களின் நடுவில் பரவிய மோட்டோரோலாவின் 68எச்சி11 சிப்பில் மோட்-ஏ, மோட்-பி என்று இரண்டு பின்கள். அவற்றின் நான்கு சேர்க்கைகளுக்கு நான்கு மோடுகள். அந்தப் பின்களின் முக்கிய வேலையே மோடைத் தீர்மானிப்பதுதான் என்பதால் வரைபடத்தைப் பார்த்தவுடனே கண்ணில் படும், யாரும் மறக்கமாட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. சிப்பின் உருவம் சிறுத்து, ஒவ்வொரு பின்னுக்கும் விலை கூடியதும், பூட் மோடுக்கென்று தனிப் பின் ஒதுக்குவதைத் தயாரிப்பாளர்கள் குறைத்துக்கொண்டார்கள். பொதுப் பயன்பாட்டுப் பின்கள்மேலேயே அந்தப் பொறுப்பையும் ஏற்றினார்கள். செலவு குறைந்தது உண்மை. அந்தச் செலவின் ஒரு பகுதி போர்டு வடிவமைப்பவரின் தூக்கமில்லாத இரவாக மாறியதும் உண்மை.

சீனாவின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி32 இதற்குச் சரியான உதாரணம். அதில் ஐந்து ஸ்ட்ராப்பிங் பின்கள்: ஜிபிஐஓ 0, 2, 5, 12, 15. ஐந்துமே சாதாரண வேலைக்கும் பயன்படுபவை. ஒவ்வொன்றுக்கும் சிப்புக்குள்ளேயே ஒரு புல்-அப் அல்லது புல்-டவுன் ரெசிஸ்டர் இருக்கிறது, அளவு சுமார் 45 கிலோஓம். தளர்ந்த கயிற்றில் கட்டிய கன்று மாதிரிதான் இந்த ரெசிஸ்டரின் பிடி: யாரும் இழுக்காதவரை கன்று நின்ற இடத்தில் நிற்கும், வெளியிலிருந்து ஒருவர் கொஞ்சம் பலமாக இழுத்தால் அவர் பக்கம் போய்விடும்.

ஜிபிஐஓ12ஐ எடுத்துக்கொள்வோம். ஃப்ளாஷ் நினைவகத்துக்கு எத்தனை வோல்ட் தரவேண்டும் என்பதை இந்தப் பின் முடிவுசெய்கிறது. ரீசெட் நேரத்தில் தாழ்நிலையில் இருந்தால் 3.3 வோல்ட், உயர்நிலையில் இருந்தால் 1.8 வோல்ட். உள்ளே இருக்கும் 45 கிலோஓம் ரெசிஸ்டர் அதைத் தாழ்நிலைக்கு இழுத்து வைத்திருக்கும். இப்போது ஒருவர் எஸ்டி கார்டை நான்கு-பிட் முறையில் இணைக்கிறார். கார்டின் தரவு வரிகளில் ஒன்று இதே ஜிபிஐஓ12இல் வருகிறது. கார்டின் விதிப்படி அந்த வரிக்கு 10 கிலோஓம் புல்-அப் வேண்டும், அதையும் ஒழுங்காகப் போடுகிறார். மேலே 10 கிலோஓம், கீழே 45 கிலோஓம் என்று இரண்டும் சேர்ந்து 3.3 வோல்ட்டைப் பங்குபோடும்போது, பின்னில் நிற்பது 2.7 வோல்ட். மின்னழுத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ 2.48 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இஎஸ்பி32 அதை உயர்நிலை என்று எடுத்துக்கொள்ளும். ஆக, ஃப்ளாஷுக்கு 1.8 வோல்ட் போகிறது. 3.3 வோல்ட்டில் ஓடவேண்டிய ஃப்ளாஷ் பதில் சொல்லாது. திரையில் ‘ஃப்ளாஷ் ரீட் எரர்’ என்ற வரி முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே யாரைக் குறை சொல்வது? எஸ்டி கார்டு விதியைப் பின்பற்றியவர் சரியாகத்தான் செய்தார். சிப்பின் ஆவணத்திலும் ஜிபிஐஓ12 பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. இரண்டு சரியான விதிகள் ஒரே பின்னில் மோதிக்கொள்கின்றன. ஃப்ளாஷின் மின்னழுத்தம் மாதிரியான உயிர்நாடிப் பொறுப்பை, எஸ்டி கார்டின் தரவு வரியும் வந்து சேரும் ஒரு பொதுப் பின்மேல் வைத்தது நல்ல முடிவு அல்ல என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. எஸ்ப்ரெசிஃப் தரும் மாற்றுவழி இஃபியூஸ். சிப்புக்குள் ஒருமுறை மட்டும் எரிக்கக்கூடிய பிட்களில் ‘எப்போதும் 3.3 வோல்ட்’ என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஜிபிஐஓ12 என்ன சொன்னாலும் சிப் காதில் வாங்காது. ஆனால் எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. 1.8 வோல்ட் ஃப்ளாஷ் வைத்து வந்த பழைய ரோவர் வகை மாட்யூலில் இதைச் செய்தால் ஃப்ளாஷுக்குக் கேடு. கையில் இருப்பது எந்த மாட்யூல் என்று உறுதிசெய்யாமல் அந்தக் கட்டளையைத் தட்டக்கூடாது.

இத்தனையையும் ஊகித்துக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. சிப்பே சொல்லும். இஎஸ்பி32 எழுந்தவுடன் நொடிக்கு 115200 பிட் வேகத்தில் சீரியல் போர்ட்டில் ஒரு வரியை அச்சிடுகிறது. அதில் இரண்டு எண்கள் முக்கியம்: ரீசெட் எதனால் வந்தது என்பது ஒன்று, பூட் மோடு இன்னொன்று. பூட் எண் ஹெக்ஸ் முறையில் 13 என்று வந்தால் எல்லாம் சரி, ஃப்ளாஷிலிருந்து ஓடுகிறது. ஐந்து பின்களின் நிலையும் அந்த எண்ணுக்குள் கூட்டுத்தொகையாக அடங்கியிருக்கும். ஜிபிஐஓ5 உயர்ந்திருந்தால் 1, ஜிபிஐஓ15 உயர்ந்திருந்தால் 2, ஜிபிஐஓ2க்கு 8, ஜிபிஐஓ0க்கு ஹெக்ஸ் 10, ஜிபிஐஓ12க்கு ஹெக்ஸ் 20. எனவே 13 என்றால் 0, 15, 5 ஆகிய மூன்றும் உயர்ந்திருக்கின்றன. 33 என்று வந்தால் கூடுதலாக 20 சேர்ந்திருக்கிறது, ஜிபிஐஓ12ஐ யாரோ மேலே இழுத்திருக்கிறார்கள். வெறும் 3 என்று வந்தால் 10 காணாமல் போயிருக்கிறது, ஜிபிஐஓ0 தரையில் கிடக்கிறது, சிப் புது நிரலுக்காகக் காத்திருக்கிறது. மல்டிமீட்டரைத் தொடும் முன்பே குற்றவாளிப் பின் எது என்று இந்த ஒரு எண் சொல்லிவிடும். இதைப் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் ஒரு முழு நாள்.

அந்த வரியே வராவிட்டால்? ஜிபிஐஓ15ஐ யாராவது தரையோடு இணைத்திருக்கலாம். ரீசெட் நேரத்தில் அது தாழ்ந்திருந்தால் இஎஸ்பி32 தன் பூட் செய்தியை அச்சிடாமல் அமைதியாகிவிடும். அதற்கும் ஒரு பின்.

இதன் முன்னோடியான இஎஸ்பி8266இல் இந்தச் செய்தி பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. 115200 வேகத்தில் திறந்து பார்த்தால் முதலில் குப்பை எழுத்துகள்தான் தெரியும். ரோமில் உள்ள நிரல் தன் படிகத்தின் அதிர்வெண் 40 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறது. சந்தையில் உள்ள மாட்யூல்களிலோ 26 மெகாஹெர்ட்ஸ் படிகம். 115200ஐ 26ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 74880. இந்த வினோதமான வேகத்தை சீரியல் மானிட்டரில் தேர்ந்தெடுத்தால் குப்பையாகத் தெரிந்தது தெளிவான வரியாகிவிடும். பூட் மோடு என்ற இடத்தில் முதல் எண் 3 என்றால் ஃப்ளாஷ், 1 என்றால் பதிவிறக்க மோடு. இந்த எண்ணும் பின்களின் கூட்டுத்தொகைதான்: ஜிபிஐஓ15க்கு 4, ஜிபிஐஓ0க்கு 2, ஜிபிஐஓ2க்கு 1.

இஎஸ்பி8266இல் அடிக்கடி நடப்பது ரிலே விவகாரம். பின்கள் குறைவு என்பதால் ஜிபிஐஓ0ஐயே ரிலேக்குப் பயன்படுத்துவார்கள். ரிலேயை இயக்க ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், அதன் பேஸில் 1 கிலோஓம் ரெசிஸ்டர். பார்த்தால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் சுற்றுதான். ஆனால் டிரான்சிஸ்டரின் பேஸ் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. பின்னை மேலே இழுப்பது பலவீனமான புல்-அப் என்றால் ஜிபிஐஓ0 ஏறத்தாழ 0.75 வோல்ட்டிலேயே நின்றுவிடும். அது தாழ்நிலை. விளைவு, மின்சாரம் வரும் ஒவ்வொரு முறையும் சிப் பதிவிறக்க மோடில் எழுந்து யாருக்காகவோ காத்திருக்கும். ரிலேயைக் கழற்றினால் ஓடும், மாட்டினால் ஓடாது. 10 கிலோஓம் புல்-அப் வைத்தால் பின் 0.94 வோல்ட் வரை ஏறும். இது உயர்நிலையும் இல்லை, உறுதியான தாழ்நிலையும் இல்லை. வெப்பநிலை மாறினால் முடிவும் மாறக்கூடிய இந்த நடுநிலம்தான் எல்லாவற்றிலும் மோசம். ஒரே வரைபடத்தில் செய்த போர்டுகளில் சில எழுந்து சில எழாததன் விளக்கம் பெரும்பாலும் இதற்குள் இருக்கிறது.

எல்இடி வைத்தாலும் இதே கதைதான். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிவப்பு எல்இடியை இணைத்தால், பலவீனமான புல்-அப் அதை எரியவைக்காது. ஆனால் பின்னை 1.7 வோல்ட் பக்கத்தில் நிறுத்திவிடும். எல்இடியை மறுபக்கம் திருப்பி, 3.3 வோல்ட்டிலிருந்து பின்னுக்கு இணைத்தால் சிக்கல் தீர்ந்தது: புல்-அப்புக்கு அது துணையாகவே நிற்கும், நிரலில் எரிவது அணைவதை மாற்றி எழுதினால் போதும்.

பின்கள் சரியாக இருந்தும் தப்பான மோடில் எழுவதற்குக் கணினியும் காரணமாகலாம். இஎஸ்பி32 டெவ்கிட் போர்டுகளில் பட்டனை அழுத்தாமலே நிரல் ஏற்ற ஒரு வசதி இருக்கிறது. யுஎஸ்பி-சீரியல் சிப்பின் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற இரண்டு கட்டுப்பாட்டு வரிகள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வழியாக ஜிபிஐஓ0ஐயும் ரீசெட் பின்னான ‘இஎன்’னையும் இழுக்கின்றன. இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் இழுத்தால் எதுவும் நடக்காதபடி டிரான்சிஸ்டர்கள் குறுக்காகப் பின்னப்பட்டிருக்கும். சீரியல் மானிட்டரைத் திறந்தாலே போர்டு ரீசெட் ஆகக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல யோசனை அது. ஆனால் ஏற்றும் மென்பொருள் முதலில் இஎன்னைத் தாழ்த்தி, பிறகு அதை விட்டுவிட்டு ஜிபிஐஓ0ஐத் தாழ்த்தவேண்டும். விண்டோஸில் இரண்டு வரிகளும் தனித்தனிக் கட்டளையாகத்தான் மாறும். நடுவில் ஒரு சிறு இடைவெளியில் இரண்டு வரிகளும் இழுத்த நிலையில் இருக்க, குறுக்குப் பின்னல் இரண்டையும் விடுவித்துவிடுகிறது. ஜிபிஐஓ0 இன்னும் உயர்ந்திருக்கும்போதே இஎன் மேலேறிவிட்டால் சிப் சாதாரணமாக எழுந்து பழைய நிரலை ஓட்டத் தொடங்கிவிடும். ‘தப்பான பூட் மோடு’ என்று ஏற்றும் மென்பொருள் புலம்பும். எஸ்ப்ரெசிஃப் பரிந்துரைப்பது இஎன் பின்னில் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும். சில மலிவு போர்டுகளில் அந்தக் கெப்பாசிட்டர் இல்லை, அல்லது மிகச் சிறியது. அதைச் சேர்த்தால் இஎன் ஏறுவது சுமார் 10 மில்லிநொடி தாமதமாகும், அதற்குள் ஜிபிஐஓ0 கீழே வந்துவிடும். ஒரு சின்னஞ்சிறு கெப்பாசிட்டர் தீர்த்துவைக்கும் இந்தப் பிரச்சினைக்காக டிரைவரை மாற்றி, கணினியை மாற்றி, கடைசியில் போர்டையே மாற்றியவர்கள் உண்டு.

எஸ்டி மைக்ரோவின் எஸ்டிஎம்32 குடும்பத்துக்கு வருவோம். நீல நிறத்தில் மலிவாகக் கிடைப்பதால் ‘புளூ பில்’ என்று பெயர்பெற்ற போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103. அதன் தலையில் இரண்டு மஞ்சள் ஜம்பர்கள், பூட்0, பூட்1. பூட்0 தாழ்ந்திருந்தால் ஃப்ளாஷ். பூட்0 உயர்ந்து பூட்1 தாழ்ந்திருந்தால் தொழிற்சாலை பூட்லோடர். இரண்டும் உயர்ந்திருந்தால் ராம். ரீசெட் விலகிய பிறகு நான்காவது கடிகாரத் துடிப்பில் இந்த இரண்டு பின்களும் பதிவாகின்றன. எழும்போது இந்தச் சிப் ஓடுவது 8 மெகாஹெர்ட்ஸில். ஆக, தலைவிதி எழுதப்படுவது அரை மைக்ரோநொடியில். நிரலை ஏற்றிவிட்டு ஜம்பரைப் பழைய இடத்துக்கு மாற்ற மறந்தால், அந்த நொடியில் ஓடும் நிரல் அடுத்தமுறை மின்சாரம் வரும்போது ஓடாது. சொந்தமாக போர்டு வடிவமைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பூட்0 பின்னை எதிலும் இணைக்காமல் விடுவது. 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை கிரவுண்டுக்குப் போட்டால் தீரும் விஷயம்.

டீபக்கர் கையில் இருந்தால் எஸ்டிஎம்32இல் விடை உடனே கிடைக்கும். சிப்பை நிறுத்தி, புரோகிராம் கவுன்டர் எந்த முகவரியில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். 08 என்று தொடங்கினால் ஃப்ளாஷில் இருக்கிறது, கோளாறு நிரலில்தான். 1எஃப்எஃப்எஃப் என்று தொடங்கினால் தொழிற்சாலை பூட்லோடரில் உட்கார்ந்திருக்கிறது. 20 என்று தொடங்கினால் ராம். ஒரே ஒரு எண்ணைப் பார்ப்பதால் விசாரணை பாதியாகக் குறைகிறது.

புதிய எஸ்டிஎம்32 வகைகளில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. ஜி4 வரிசையில் பூட்0 என்பது பிபி8 என்ற பொதுப் பின்னோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பின்னில் கேன் பஸ்ஸின் பெறும் வரியை இணைக்க முடியும். கேன் பஸ் சும்மா இருக்கும்போது அந்த வரி உயர்நிலையில்தான் இருக்கும். மேசையில் கேன் சிப் இல்லாமல் நன்றாக எழுந்த போர்டு, பஸ்ஸோடு இணைத்ததும் பூட்லோடருக்குள் போய்விடும். ஜி0 வரிசையில் இதற்கு நேர்மாறான திகைப்பு காத்திருக்கிறது. தொழிற்சாலை அமைப்பில் அது பூட்0 பின்னைப் பார்ப்பதே இல்லை, ஆப்ஷன் பிட் ஒன்றின் சொல்லைத்தான் கேட்கும். பூட்லோடருக்குப் போகவேண்டி பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர் காத்திருக்கவேண்டியதுதான்.

வெற்று ஃப்ளாஷ் சோதனை என்ற இன்னொரு பொறியும் ஜி0, எஃப்04 போன்ற வரிசைகளில் இருக்கிறது. ஃப்ளாஷின் முதல் இடம் காலியாக இருந்தால் சிப் தானாகவே தொழிற்சாலை பூட்லோடருக்குப் போய்விடும். புதுச் சிப்களை எளிதாக நிரப்ப உதவும் அருமையான வசதி. சிக்கல், காலியா நிரம்பியதா என்ற அந்தக் குறிப்பு மின்சாரம் வரும்போதோ ஆப்ஷன் பிட்கள் மறுபடி ஏற்றப்படும்போதோதான் புதுப்பிக்கப்படும். புதுச் சிப்பில் டீபக்கர் வழியாக நிரலை எழுதி, ரீசெட் பட்டனை அழுத்தினால் சிப் இன்னும் தன்னைக் காலி என்றே நம்பிக்கொண்டிருக்கும், பூட்லோடருக்குள் போகும். மின்சாரத்தை முழுவதுமாக அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தொழிற்சாலையில் வரிசையாக போர்டுகளைச் சோதிப்பவர்கள் இதை அறியாவிட்டால் நல்ல போர்டுகள் குப்பைக்கூடைக்குப் போகும்.

பின்களை மட்டும் பார்க்காமல் ஃப்ளாஷின் உள்ளடக்கத்தையும் பார்த்து முடிவெடுக்கும் சிப்கள் வேறும் உண்டு. என்எக்ஸ்பியின் எல்பிசி17 வரிசையில், இன்டரப்ட் அட்டவணையின் முதல் ஏழு எண்களைக் கூட்டி, அதன் இரண்டின் நிரப்பியை எட்டாவது இடத்தில் வைத்திருக்கவேண்டும். எட்டையும் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் ‘இங்கே நிரலே இல்லை’ என்று முடிவுகட்டி சிப் நிரலேற்ற மோடில் உட்கார்ந்துவிடும். பல ஏற்றும் மென்பொருள்கள் இந்தக் கணக்கைத் தாமாகவே போட்டுவிடும், சில போடாது. கருவியை மாற்றியதும் ஓடிக்கொண்டிருந்த நிரல் ஓடாமல் போனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பைக்கோவில் இருக்கும் ஆர்பி2040இலும் இதே தத்துவம். அதன் ரோம், ஃப்ளாஷின் முதல் 256 பைட்டை எடுத்துக்கொண்டு, கடைசி 4 பைட்டில் உள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் யுஎஸ்பி மோடுக்குப் போய், கணினியில் ஒரு பென்டிரைவாகத் தோன்றும். பூட்செல் பட்டனை அழுத்தாமலே பைக்கோ வகை போர்டு எப்போதும் பென்டிரைவாகவே வருகிறது என்றால், ஃப்ளாஷ் சிப்பின் கால் ஒன்று சரியாகப் பற்றவில்லையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது. பூட்செல் பட்டன் தொடுவதும் அதே ஃப்ளாஷின் தேர்வு வரியைத்தான். அந்தப் பட்டன் அழுந்தி ஒட்டிக்கொண்டாலும், அந்த வரியில் பற்றவைப்பு சிந்தியிருந்தாலும் அறிகுறி ஒன்றே.

பழைய ஏவிஆர் சிப்களில் ஃபியூஸ் பிட்களின் ஆட்சி. ஏடிமெகா328பியில் ‘பூட்ரீசெட்’ என்ற ஒரு பிட்தான், ரீசெட் ஆனதும் பூட்லோடருக்குப் போவதா நேராக நிரலுக்குப் போவதா என்று சொல்கிறது. இங்கே இன்னொரு சுழலும் உண்டு. வாட்ச்டாக் டைமர் சிப்பை ரீசெட் செய்தால், அந்த டைமர் அணையாமல் மிகக் குறைந்த அளவான சுமார் 16 மில்லிநொடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய ஆர்டுயினோ நானோவின் பூட்லோடர் அதை அணைக்கும் முன்பே மறுபடி ரீசெட் வந்துவிடும், மறுபடி, மறுபடி. எல்இடி மட்டும் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கும், நிரல் ஒருபோதும் எட்டாது. 512 பைட்டுக்குள் எழுதப்பட்ட ஆப்டிபூட், ரீசெட்டின் காரணத்தை முதலில் படித்து இந்தச் சுழலைத் தவிர்க்கிறது.

பிஐசி சிப்களின் குறைந்த மின்னழுத்த நிரலேற்ற வசதியும் இந்தக் குடும்பம்தான். பிஐசி16எஃப்628ஏயில் ஆர்பி4 பின் உயர்ந்தால் சிப் நிரலேற்ற மோடுக்குப் போகும். அந்த வசதியை அணைக்காமல் பின்னை அந்தரத்தில் விட்டவர்களின் சுற்றுகள் விரலைக் கொண்டுபோனாலே நின்றுவிடும்.

மின்சாரம் ஏறும் விதமும் மோடை மாற்றும். போர்டின் மின்சாரத்தை அணைத்தாயிற்று, ஆனால் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் மட்டும் இணைந்திருக்கிறது. அதன் அனுப்பும் வரி சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டில் இருக்கும். அந்த மின்சாரம் சிப்பின் பெறும் பின்னில் உள்ள பாதுகாப்பு டயோடு வழியாக உள்ளே கசிந்து, மொத்தப் போர்டையும் அரைகுறையாக உயிரோடு வைத்திருக்கும். சிப் முழுதாக அணையாததால் அடுத்தமுறை மின்சாரம் வரும்போது ரீசெட் சுத்தமாக நடக்காது. ‘அணைத்துப் போட்டும் சரியாகவில்லை’ என்று புலம்புபவர்கள் உண்மையில் அணைக்கவே இல்லை. எல்லாக் கேபிளையும் கழற்றி, 3.3 வோல்ட் வரியில் மீட்டரை வைத்து அது பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தால் தெரியும்.

தப்பான மோடு போலத் தோன்றி, உண்மையில் வேறாக இருப்பதும் உண்டு. இஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும் என்று எஸ்ப்ரெசிஃப் சொல்வது அதனால்தான். பலவீனமான கேபிளில் மின்னழுத்தம் சரிந்து சிப் திரும்பத் திரும்ப எழும். பூட் எண் 13 ஆகவே இருக்கும், கோளாறின் தடயம் ரீசெட் காரணத்தில்தான் கிடைக்கும். ஆகவே பூட் வரியின் இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இஎஸ்பி8266இல் ஒரு பழைய பொறியையும் குறிப்பிடவேண்டும். சீரியல் வழியாக நிரலேற்றிய பிறகு ரீசெட் பட்டனை அழுத்தாமல், நிரலே மென்பொருள் வழியாக மறுதொடக்கம் செய்தால் சிப் அப்படியே நின்றுவிடும். நிரலேற்றத்தின்போது பதிவான பின் நிலை இன்னும் மாறவில்லை என்பதே காரணம். காற்று வழிப் புதுப்பிப்பை எழுதிச் சோதிப்பவர்கள் தம் புதுப்பிப்பு நிரலில் பிழை என்று எண்ணி ஏமாறுவது இங்கே. ஒருமுறை கையால் ரீசெட் செய்தால் அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

அனுபவமுள்ளவர்கள் வேலை செய்யும் வரிசையைப் பார்த்தால் அதில் ஒரு பொருளாதாரம் தெரியும். செலவில்லாத சாட்சியை முதலில் கேட்கிறார்கள்: சரியான வேகத்தில் சீரியல் மானிட்டரைத் திறந்து பூட் வரியைப் படிப்பார்கள், அல்லது டீபக்கரில் முகவரியைப் பார்ப்பார்கள். அடுத்து, வெளியே இணைத்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டு எழுகிறதா என்று பார்ப்பார்கள். எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுவார்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்ட்ராப்பிங் பின்னின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரில் எடுப்பார்கள். நிரல் ஓடும்போது அளந்தால் நிரல் வைத்த மின்னழுத்தம்தான் தெரியும், ரீசெட்டில் பிடித்து அளந்தால்தான் ரெசிஸ்டர்களின் உண்மையான இழுபறி தெரியும். அதிலும் சரியாக இருந்தால் ஆசிலோஸ்கோப்பை எடுத்து, ரீசெட் பின் மேலேறும் விளிம்பில் டிரிகர் வைத்து, ஸ்ட்ராப்பிங் பின்னை இரண்டாவது சேனலில் பார்ப்பார்கள். ஸ்ட்ராப்பிங் பின்னில் யாரோ வைத்த பெரிய கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்புவதும், ரீசெட் அதற்கு முன்பே விலகிவிடுவதும் அந்தத் திரையில் கண்கூடாகத் தெரியும். ஃபியூஸ், ஆப்ஷன் பிட், சரிபார்ப்பு எண் எல்லாம் இதற்குப் பிறகுதான். நிரல் கடைசி.

இத்தனை தொல்லை தரும் ரோம் பூட்லோடரை எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அது கூடாது. நிரல் எவ்வளவு கெட்டாலும் சிப்பை மீட்கும் கடைசிக் கயிறு அதுதான். அதே கயிறு திருடனுக்கும் வழியாகிறது. 2018இல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் வலதுபக்கத் தண்டவாளத்தில் ஒரு பின்னைத் தரையோடு இணைத்து, ஒலி கூட்டும் பட்டனை அழுத்தியபடி எழுப்பினால், அதற்குள் இருக்கும் என்விடியா டெக்ரா சிப் யுஎஸ்பி மீட்பு மோடில் எழும் என்பது வெளியானது. அந்த மோடில் ‘ஃபியூஸே ஜெலே’ என்று பெயரிடப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. அது ரோமிலேயே இருந்ததால், விற்றுப்போன கருவிகளில் மென்பொருள் புதுப்பிப்பால் அதை அடைக்க முடியவில்லை. 2019இல் இஎஸ்பி32இன் பாதுகாப்பு பூட் ஏற்பாட்டை மின்னழுத்த அதிர்ச்சியால் தாண்டலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் மூன்றாவது திருத்தச் சிப்பில் எஸ்ப்ரெசிஃப் சீர்செய்த பாதுகாப்பு பூட் ஏற்பாட்டோடு, சீரியல் பதிவிறக்க மோடையே இஃபியூஸால் நிரந்தரமாக அணைக்கும் வசதியையும் கொடுத்தது.

அந்த பிட்டை எரித்த கருவியில் ஜிபிஐஓ0 தரையில் கிடந்தாலும் சிப் பதிவிறக்கத்துக்காகக் காத்திருக்காது. ஃப்ளாஷில் உள்ள நிரல் கெட்டால் கேபிள் வைத்து மீட்கவும் வழியிருக்காது. காற்று வழிப் புதுப்பிப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே ஃப்ளாஷை இரண்டு நிரல் பகுதிகளாகப் பிரித்து, புதியது எழாவிட்டால் பழையதுக்குத் தானாகத் திரும்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி, புதுப்பிப்பின் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிச் சோதித்த பிறகே அந்த பிட்டில் கைவைக்கவேண்டும்.